யானை எந்தப் பக்கம் பார்க்கிறது? ஒரு போர்க்கால ஆம்புலன்ஸ் படத்தின் இடம் தேடிய கதை

பெரியம்மா வீட்டு பீரோவில் பத்திரங்களும் ஜாதகங்களும் வைத்திருக்கும் தகரப் பெட்டி ஒன்று உண்டு. அந்தப் படம் இத்தனை காலமும் அதற்குள்தான் இருந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ரோட்டோரம் ஒரு ஆம்புலன்ஸ் வண்டி, அதன் முன்னால் மூன்று ஆண்கள், பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு நீளமாக ஒரு மலை. நடுவில் நிற்பவர் பெரியம்மாவின் அப்பா, என் தாத்தா. "பர்மாவுல எடுத்தது." இது ஒன்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லும் விவரம்.

தாத்தா பர்மாவில் இருந்தது உண்மை. ரங்கூனில் ஒரு லாரி ஷெட்டில் வேலை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் ஊரே கிளம்பியது. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. நம்மாட்கள் லட்சக்கணக்கில் கப்பலிலும் காட்டு வழியிலும் இந்தியாவுக்கு வந்தார்கள். தாத்தா பர்மாவின் மேற்குக் கரையோரமான அராக்கான் வழியாக நடந்து வந்தவர். கால் விரல் நகம் ஒன்று போய்விட்டதை அவர் காட்டுவார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்குத் தொழில் ஸ்டுடியோ. கல்யாணம் காதுகுத்து எல்லாம் இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் பழைய படங்களைச் சரிசெய்து பெரிதாக்கித் தருகிறேன். போன வருஷம் பெரியம்மா இந்தப் படத்தைக் கொடுத்து, மாட்டுவதற்குப் பெரிதாக்கித் தரச் சொன்னார். கொடுக்கும்போதே ஒரு குறையும் சொன்னார்.

"அப்பா சாடையே இல்லய்யா இதுல. ஆளு அவுகதான். முகம் மட்டும் என்னமோ மாதிரி இருக்கு."

நடந்து வந்து இளைத்திருப்பார் பெரியம்மா என்று சமாதானம் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னதை அப்போதே காதில் வாங்கியிருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

தாளும் வண்டியும்

படத்தின் பின்பக்கம் தேதி இல்லை, ஸ்டுடியோ முத்திரை இல்லை. தாள் கம்பெனியின் பெயர் மட்டும் வெளிறிய எழுத்தில் சாய்வாகத் திரும்பத் திரும்ப அச்சாகியிருந்தது: வேலாக்ஸ். கோடாக்கின் கான்டாக்ட் பேப்பர் அது. நெகட்டிவைத் தாள் மேல் நேராக வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்டி எடுப்பார்கள். நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவு. அப்படி எடுத்த படங்கள் சின்னதாக இருந்தாலும் ஊசி முனை மாதிரி கூர்மையாக இருக்கும். இந்தப் படம் லேசாக மங்கியிருந்தது. கேமரா ஆடியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். வண்டியின் பக்கவாட்டில் வெள்ளை வட்டம், அதற்குள் சிலுவை. வேறு எழுத்து எதுவும் இல்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. இடது ஸ்டியரிங் என்றால் அமெரிக்க வண்டி என்றான் என் மச்சினன். யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய டாட்ஜ் ஆம்புலன்ஸ் நாலு ஸ்ட்ரெச்சர் கொள்ளும். இடது ஸ்டியரிங், நாலு சக்கரமும் இழுக்கும். பர்மா முனையிலும் ஓடியது. வீட்டுக் கதையோடு அது அழகாகப் பொருந்தியது. ஆனால் டாட்ஜின் உடம்பு முழுக்க இரும்புத் தகடு. எங்கள் படத்தில் இருந்த பெட்டியில் பலகை மூட்டுகள் வரிவரியாகத் தெரிந்தன. லாரி சேஸியின் மேல் உள்ளூர்த் தச்சர் கட்டிய மரப்பெட்டி அது. பின்பக்கம் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம் நின்றது. அதிலிருந்து ஒரு குழாய் வண்டிக்கு அடியில் போனது.

தண்ணீர்த் தொட்டி என்று வீட்டில் சொல்லிவந்தார்கள். பழைய பஸ் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். எண்பது தாண்டியவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணித் தொட்டி இல்லப்பா. கரிக் கேஸ் பிளான்ட்டு. எங்க வாத்தியார் இதுலதான் தொழில் படிச்சாரு."

யுத்தத்தால் 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸும் லாரியும் கரிக்கு மாறின. மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்றே ஒன்றை உருவாக்கி விற்றார். டிரம்முக்குள் அடுப்புக் கரியை நிரப்பி, அடியில் பற்றவைத்து, கையால் விசிறியைச் சுற்ற வேண்டும். காற்றை அளவாக விடுவதால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயுவாக வரும். அதை வடிகட்டி, ஆறவைத்து, எஞ்சினுக்கு இழுப்பார்கள். பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது. மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். "காலையில பஸ் கிளம்பணும்னா கிளீனர் முன்னக்கூட்டியே வந்து விசிறியச் சுத்தணும். மூஞ்சியெல்லாம் கரியா இருக்கும்" என்றார் அண்ணன். அவசரத்துக்கு என்று இருக்கிற ஒரு வண்டி கிளம்புவதற்கு முன்னால் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தபோது எனக்கு மனசு கனத்தது. உள்ளே ஒருத்தர் படுத்திருக்க, வெளியே ஒருத்தர் விசிறி சுற்றிக்கொண்டு இருந்திருப்பார்.

யுத்த முனையில் ராணுவ ஆம்புலன்ஸ் கரியில் ஓடாது. அங்கே போவது பெட்ரோல். ஆகவே இது பின்னணி ஊர் ஒன்றின் சிவில் வண்டி. முன் விளக்குகளுக்கு முக்காடு போட்ட மாதிரி மூடி இருந்தது. மட்கார்டு ஓரங்களில் வெள்ளைப் பெயின்ட். இரண்டும் இருட்டடிப்புக் கால அடையாளங்கள், அதாவது எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியாமலிருக்க ராத்திரி வெளிச்சத்தை மறைத்த காலம். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட பிறகு தெற்கே இருந்த பயம் சாதாரணமானதல்ல. கரியையும் முக்காடையும் சேர்த்துப் பார்த்தால் காலம் 1942-க்கும் 1945-க்கும் நடுவில் வருகிறது. அந்த வருஷங்களில் தாத்தா ஊருக்குத் திரும்பிவிட்டார்.

பர்மா இல்லை என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. பெரியம்மாவிடம் சொல்லவில்லை. எங்கே என்று தெரியாமல் "அங்கே இல்லை" என்று மட்டும் சொல்வது சரியாகப் படவில்லை.

மலை

மதுரைக்காரன் ஒருவன் அந்த மலையை முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும். பர்மா பர்மா என்று கேட்டே வளர்ந்ததால் நான் அதை மலையாகப் பார்த்தேனே ஒழிய நம்ம ஊர் மலையாகப் பார்க்கவில்லை. பர்மா என்கிற சொல்லைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்ததும், செடிகொடி இல்லாத ஒரே பாறை, ஒரு முனையில் உருண்டு நிமிர்ந்த தலை, பிறகு கழுத்துப் பள்ளம், பிறகு நீண்டு சரியும் முதுகு என்று யானை படுத்திருந்தது. ஆனைமலை. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், நரசிங்கம் குடைவரைக் கோயிலுக்கு மேலே இருக்கிறதே, அதே மலை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஆனைமலை தென்மேற்கு வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. தலை மதுரையைப் பார்த்திருக்கும். மேலூர் ரோட்டில் போகும்போது மலை இடக்கைப் பக்கம் வரும், அங்கே நின்று பார்த்தால் யானையின் தலை நமக்கு இடது பக்கம். படத்திலோ தலை வலது பக்கம் இருந்தது.

அதற்கு நான் கண்ட விளக்கம் எளிதானது: மலைக்கு மறுபக்கம், அதாவது வடமேற்கே, அழகர்கோயில் ரோட்டுப் பக்கமிருந்து எடுத்த படம். அங்கிருந்து பார்த்தால் தலை வலப்பக்கம்தான் வரும். மூன்று ஞாயிற்றுக்கிழமை கடச்சனேந்தல் பக்கம் அலைந்தேன். கண்மாய்க் கரை, புதிதாகப் போட்ட பிளாட்டுகள், மாட்டுத் தொழுவம் என்று ஒவ்வொரு இடமாக நின்று, படத்தை போனில் வைத்துக்கொண்டு முதுகின் கோட்டை ஒப்பிட்டேன். பொருந்தியது. அதனால்தான் அவ்வளவு நாள் அங்கேயே சுற்றினேன்.

இடம் தேடும் வேலையில் இறங்குகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது. தொலைவிலிருந்து ஒரு மலையின் விளிம்பை மட்டும் பார்த்தால், முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒரு தாளை மலை வடிவில் கத்தரித்துத் தூக்கிப் பிடித்தால் இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தலை இடது, அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தலை வலது. விளிம்பு பொருந்துகிறது என்பதால் மலை எது என்று தெரியும், நின்ற பக்கம் எது என்று தெரியாது.

நிழலையும் பார்த்தேன். மூன்று பேரின் நிழலும் குட்டையாக, ஆள் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல், கேமராவை நோக்கி விழுந்திருந்தது. அழகர்கோயில் ரோட்டுப் பக்கமென்றால் அது மார்ச் மாத முற்பகல் என்று கொள்ளலாம். மேலூர் ரோட்டுப் பக்கமென்றால் கோடைப் பிற்பகல். இரண்டுமே நடக்கக்கூடியது. நிழலும் தீர்ப்புச் சொல்லவில்லை.

மைல்கல்

வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குள் பாதி மறைந்து, சுண்ணாம்பு அடித்த ஒரு கல். மைல்கல்தான். மேலே ஒரே ஒரு எண். 2 என்று படித்தேன்.

மதுரையிலிருந்து 2 மைல் என்றால் அழகர்கோயில் ரோட்டில் அது புதூர்ப் பக்கம். அங்கே போய் நின்றேன். அங்கிருந்து ஆனைமலை பக்கவாட்டில் தெரியாது. முன்முனை நம்மைப் பார்த்திருக்கும், முதுகு அதற்குப் பின்னால் மறைந்துவிடும். முதுகு நீளமாகத் தெரிய வேண்டுமானால் இன்னும் வெகுதூரம் வடக்கே போக வேண்டும். கல்லும் மலையும் ஒத்துவரவில்லை.

அந்த 2 மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. 2-க்குத் தலை வளைவாக இருக்கும், அடியில் நேர்கோடு வரும். இந்த எண்ணின் தலையில் நேர்கோடு, வயிறு கீழே. அப்படி யாரும் 2 எழுதமாட்டார்கள். 5-ஐக் கண்ணாடியில் காட்டினால் அப்படித்தான் தெரியும்.

ஸ்டுடியோவில் இரவு பத்து மணி இருக்கும். படத்தை இடவலமாகத் திருப்பினேன்.

சட்டைப் பை

திருப்பியதும் மைல்கல்லில் 5 நின்றது. ஸ்டியரிங் வலது பக்கம் வந்தது, நம் நாட்டு வண்டி மாதிரி. வண்டி ரோட்டின் இடது ஓரத்துக்கு வந்தது. யானையின் தலை இடது பக்கம் திரும்பியது.

கல்லில் இருந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய எனக்கு மனமில்லை. பழைய சுண்ணாம்பு உரிந்திருந்தால் எண் எப்படி வேண்டுமானாலும் தெரியும். அதனால் ஆட்களைப் பார்த்தேன். ஓரமாக நின்றவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். மூலப் படத்தில் அவர் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது, அதில் ஒரு பேனாவின் கிளிப் மினுங்கியது. ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் வைப்பதுதான் தையல்காரர் வழக்கம். பொத்தான் பட்டியும் அப்படியே: இடது பக்கத் துணி மேலே வர வேண்டும், மூலப் படத்தில் வலது மேலே வந்திருந்தது. திருப்பிய படத்தில் இரண்டும் சரியாகின. பின்னால் தலைச்சுமையோடு போகிற ஒரு பெண்ணின் முந்தானையும் வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு வந்தது.

தாத்தாவின் வேட்டிதான் எனக்குக் கடைசிச் சாட்சி. மூலப் படத்தில் வேட்டியின் மேல்தலைப்பு இடது பக்கம் போய்ச் செருகியிருந்தது. எங்கள் வீட்டில் ஆண்கள் யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள், வலது பக்கம்தான் கட்டுவார்கள். திருப்பிய படத்தில் அது வலது பக்கம் இருந்தது.

நெகட்டிவைத் தாளில் வைக்கும்போது மருந்துப் பக்கம், அதாவது பிலிமில் படம் பதிந்திருக்கும் பூச்சுப் பக்கம், தாளைத் தொட வேண்டும். யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். மாற்றி வைத்தால் படம் இடவலம் மாறும். அத்தோடு மருந்துக்கும் தாளுக்கும் நடுவில் பிலிமின் கனம் புகுந்துவிடுவதால் கூர்மையும் கொஞ்சம் போகும். நான் முதல் நாளே பார்த்துவிட்டு விட்டுவிட்ட அந்த மங்கல் அதனால்தான்.

எழுத்து ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வண்டியின் மேல் இருந்ததோ சிலுவை. சிலுவையைத் திருப்பிப் போட்டாலும் சிலுவைதான்.

ஒத்தக்கடை

பக்கம் தெரிந்துவிட்டது. இடம் தெரிய வேண்டும். மேலூர் ரோட்டில் மதுரையிலிருந்து 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர், ஒத்தக்கடையை ஒட்டி வருகிறது. எங்கிருந்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அரை மைல் முன்னே பின்னே போகலாம். அதனால் கல்லை விட்டுவிட்டு மலையிடமே கேட்டேன்.

நடந்து போகப் போக யானையின் வடிவம் மாறுகிறது. மதுரைப் பக்கம் இருக்கும்போது தலை பெரிதாகவும் முதுகு சுருங்கியும் தெரியும். ஒத்தக்கடையைத் தாண்டத் தாண்ட முதுகு நீள்கிறது, தலை சிறுக்கிறது. ஆகவே படத்தில் தலை உச்சியிலிருந்து கழுத்துப் பள்ளம் வரை எவ்வளவு, கழுத்திலிருந்து வால் முனை வரை எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்து, ஒன்றை ஒன்றால் வகுத்து எழுதிக்கொண்டேன். ரோட்டில் நூறடிக்கு ஒரு படம் எடுத்து ஒவ்வொன்றிலும் அதே கணக்கைப் போட்டேன். எண் கூடிக்கொண்டே போய், ஒரு இடத்தில் ஒத்துவந்து, பிறகு தாண்டிப் போனது. இருநூறு மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டுக்குள் இடம் அடங்கிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு டயர்க் கடை, ஒரு ஜூஸ் கடை, ஓயாத லாரிகள். மைல்கல் இல்லை. படத்தில் இருக்கும் மரங்களும் இல்லை.

பாறையில் மழைநீர் வழிந்து வழிந்து விழுந்த கரும்பட்டைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. தலைக்குக் கீழே அவை இறங்குகிற வரிசையும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியும், திருப்பிய படத்தோடு ஒவ்வொன்றாகப் பொருந்தின. விளிம்புக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. பாறையின் முகத்தில் இருக்கும் கறை அந்தப் பக்கத்துக்கு மட்டுமே சொந்தம். வழக்கு எனக்கு அங்கேதான் முடிந்தது.

2010-ஐ ஒட்டி ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்ததும், சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி எதிர்த்து நின்றதும், அது கைவிடப்பட்டதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். அன்று அவர்கள் காப்பாற்றியது தங்கள் மலையை. எங்கள் வீட்டுப் படத்துக்கு இன்று மிச்சமிருக்கும் ஒரே சாட்சியும் அதுதான். அவர்களுக்கு என் நன்றி.

பக்கம் உறுதியானதும் நிழலும் பேசியது. கேமரா வடமேற்கே பார்க்கிறது, குட்டை நிழல் தென்கிழக்கே விழுகிறது. என்றால் சூரியன் உச்சியிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்க வேண்டும். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில்தான் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். நம் கடிகாரத்தில் இங்கே உச்சி என்பது பன்னிரண்டே கால். மே கடைசியில் ஒரு நாள் அதே இடத்தில் போய்க் காத்திருந்தேன். ஒன்றேகால் மணிக்கு என் நிழல் படத்தில் இருப்பது போலவே மலைக்கு எதிராக விழுந்தது.

எந்த வருஷம் என்பதை நான்கு வருஷத்துக்கு மேல் நெருக்க முடியவில்லை. தாத்தா அந்த வண்டியை ஓட்டினாரா, கரி போட்டாரா, ஸ்ட்ரெச்சர் தூக்கினாரா என்பதைப் படம் சொல்லவில்லை. அவர் கையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்கையும் விரல் நுனிகளும் மற்ற இருவரின் கைகளைவிடக் கறுத்திருந்தன. அதற்கு மேல் நான் எதையும் சேர்க்க விரும்பவில்லை.

திருப்பி எடுத்த படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பர்மா இல்லை, ஒத்தக்கடை என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். எண்பது வருஷம் நம்பிய கதை. சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே விரலை வைத்து, தாத்தாவின் இடப்பக்க வகிட்டிலிருந்து கன்னத்து மச்சம் வரைக்கும் மெதுவாக இழுத்தார். மூலப் படத்தில் அந்த வகிடும் மச்சமும் வலது பக்கம் இருந்தன.

"இப்பத்தான்யா அப்பா மாதிரி இருக்காக" என்றார்.

பிறகுதான் மலையைப் பார்த்தார். "இது நம்ம ஆனமலையில்ல?"